சில்ஃப்ராவின் 2 டிகிரித் தண்ணீருக்கு எந்தக் கையுறை?

கேள்வி: அல்சூர்க்காரன்

வணக்கம். நேத்ராணியிலும் ஹேவ்லாக்கிலும் ஸ்கூபா கற்றவன் நான். இரண்டு இடங்களிலும் தண்ணீர் 28 டிகிரியை ஒட்டியே இருந்ததால் கையுறையைப் பற்றி நினைக்க வேண்டிய தேவை வந்ததில்லை. வரும் செப்டம்பரில் ஐஸ்லாந்து சென்று, திங்வெட்லிர் தேசியப் பூங்காவிலுள்ள சில்ஃப்ரா பிளவில் இறங்கவிருக்கிறேன். பனியாறு உருகி, எரிமலைப் பாறைக்குள் பல பத்தாண்டுகள் ஊறி வரும் அந்தத் தண்ணீர் ஆண்டு முழுவதும் 2 முதல் 4 டிகிரிக்குள்தான் இருக்கும். தண்ணீர் புகாத முழு உடையான டிரைசூட்டில் மூழ்கும் பயிற்சியைப் போகும் வழியில் இங்கிலாந்தில் முடித்துக்கொள்வேன். உடம்பைப் பற்றிக் கவலையில்லை, கைகளைப் பற்றித்தான். பெங்களூரின் டிசம்பர் காலையில் ஸ்கூட்டர் ஓட்டினாலே என் விரல் நுனிகள் வெளுத்து மரத்துவிடும். 5 மி.மீ. தடிமன், 7 மி.மீ. தடிமன், மூன்று விரல் கையுறை, தண்ணீரே புகாத டிரை கிளவ் என்று பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுகிறது. இந்த ஊரில் போட்டுப் பார்த்து வாங்கக் கடையும் கிடைக்கவில்லை. எதை வாங்கலாம்?

பதில் 1: சங்குகுளி

சொந்த ஊர் தூத்துக்குடி, இருப்பு பிரேசர் டவுன். எங்கள் பக்கத்தில் சங்கு எடுத்தவர்கள் வெறுங்கையோடு மூழ்கியவர்கள். மன்னார் வளைகுடாத் தண்ணீர் அவர்களுக்கு அந்தச் சலுகையைக் கொடுத்தது. சில்ஃப்ரா கொடுக்காது. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும்.

மி.மீ. கணக்கை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். இந்தக் கையுறைகளைச் செய்யும் நியோப்ரீன் ரப்பரில் குளிரைத் தடுப்பது ரப்பருக்குள் சிறைப்பட்டிருக்கும் நுண்ணிய வாயுக் குமிழ்கள்தான். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்காகும்போது அந்தக் குமிழ்கள் சுருங்கி, கரையில் தடிமனாக இருந்த கையுறை மெலிந்துவிடும். இதற்கும் மேலாக, டிரை கிளவ் அல்லாத கையுறைக்குள் கொஞ்சம் தண்ணீர் புகுந்து கைச்சூட்டில் வெதுவெதுப்பாகும்; அது அசையாமல் இருக்க வேண்டும். மணிக்கட்டில் தளர்வு இருந்தால், நீங்கள் கையை ஆட்டும் ஒவ்வொரு முறையும் சூடான தண்ணீர் வெளியேறிப் புதுத் தண்ணீர் உள்ளே வரும். அப்போது 7 மி.மீ. இருந்தும் பயனில்லை. இறுக்கமாகப் போட்டால் வேறொரு தொல்லை: ரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் இன்னும் சீக்கிரம் குளிர்ந்துவிடும்.

கனடாவில் ஓர் ஏரியில் இறங்குவதற்கு முன் நான் வீட்டிலேயே ஒரு சோதனை செய்தேன். ரஸ்ஸல் மார்க்கெட் மீன் கடையில் ஐஸ் வாங்கி வந்து வாளித் தண்ணீரில் கொட்டி, சமையலறைத் தெர்மாமீட்டர் 3 டிகிரி காட்டியதும் இரண்டு கைகளிலும் கையுறை போட்டுக்கொண்டு 20 நிமிடம் உள்ளே வைத்திருந்தேன். இடையிடையே ஒரு பழைய பேக்பேக்கின் பக்கிளைத் திறந்து மூடினேன். 7 மி.மீ. கையுறையில் கை குளிரவே இல்லை, ஆனால் பக்கிள் இருக்கும் இடமே விரலுக்குத் தெரியவில்லை. 5 மி.மீ. கையுறையில் சுண்டுவிரல் வலித்தது. பக்கிள் மட்டும் கடைசி வரை சொன்ன பேச்சைக் கேட்டது. வாளியில் அழுத்தம் கிடையாது என்பது உண்மைதான். ஆனாலும் மூழ்குவதற்காகக் கட்டும் வெயிட்டைக் கழற்றவோ, காற்றடைத்து மிதப்பைச் சரிசெய்யும் சட்டையான பிசிடியின் பொத்தானை அழுத்தவோ முடியாத கை, எவ்வளவு கதகதப்பாக இருந்தாலும் நீருக்கடியில் ஆபத்துதான் என்பதால் நான் 5 மி.மீ.யை எடுத்துக்கொண்டேன்.

பதில் 2: வெள்ளலை, ஒயிட்ஃபீல்டு

நண்பர் சங்குகுளி சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன்; ஆனால் எளிதில் விரல் மரத்துப்போகிறவருக்கு 5 மி.மீ. போதும் என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று விரல் கையுறையில் சில விரல்கள் ஒரே உறைக்குள் சேர்ந்திருப்பதால் ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்ளும். சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றை விரல் எண்ணிக் காட்ட முடியாது. அதற்குப் பதில் காற்றழுத்த மானியையே நீட்டிக் காட்டிவிடலாம்.

வேலை நிமித்தமாக நார்வேயில் இருந்தபோது டிரை கிளவ் பயன்படுத்தினேன். உள்ளே கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு, வெளியே ரப்பர் கையுறையை டிரைசூட்டின் கை வளையத்தில் பூட்டினால் கை நனையாது, அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் ஆழம் கூடக் கூடக் கையுறைக்குள் இருக்கும் காற்று சுருங்கி விரல்களை நெரிக்கும். அதனால் தண்ணீரைத் தடுக்கும் மணிக்கட்டுப் பட்டையான சீலுக்கு அடியில் மெல்லிய குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி, டிரைசூட்டிலிருந்து காற்று போய்வர வழி செய்வோம். அந்த வழியிலேயே ஒருநாள் எனக்கு வினை வந்தது. பாறையில் ஒட்டியிருந்த சிப்பி ஒன்று ரப்பரைக் கிழிக்க, கை மட்டுமல்லாமல் முழங்கைக்கு மேல்வரை பனித்தண்ணீர் ஏறிவிட்டது. டிரைசூட்டுக்கே புதியவரான நீங்கள் இதையும் சேர்த்துக் கற்க வேண்டாம். சில்ஃப்ராவில் நீருக்கடியில் இருப்பது அரை மணி நேரம்தான்.

அங்கே டைவ் நிறுவனத்தினரே கையுறையும் தலையுறையும் தருவார்கள், ஆனால் உங்கள் கைக்கென்று அளவெடுத்த ஒன்றை எடுத்துச் செல்வது நல்லது. உள்ளங்கையின் சுற்றளவை டேப்பால் அளந்து, அந்தந்த நிறுவனத்தின் அளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். டிரைசூட்டுக்குள் கம்பளி உள்ளாடையில் கஞ்சத்தனம் வேண்டாம். நெஞ்சும் தலையும் குளிர்ந்தால் உடம்பு முதலில் கைகால்களுக்குப் போகும் ரத்தத்தைத்தான் குறைக்கும். இறங்குவதற்குச் சற்று முன்பு ஃபிளாஸ்கிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீரைக் கையுறைக்குள் ஊற்றிக்கொள்ளுங்கள்.

அல்சூர்க்காரன்

மிக்க நன்றி. குலுக்கினால் சூடாகும் ஹீட் பேக்குகளைக் கையுறைக்குள் வைத்துக்கொள்ளலாமா?

பதில் 3: மருந்துச்சீட்டு

வேண்டாம். அவை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் சூடாகின்றன. நனைந்த கையுறைக்குள் வேலை செய்யாது. டிரைசூட்டுக்குள் வைத்தாலோ, ஆழத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் கூடுவதால் எதிர்பார்த்ததைவிட அதிகமாகச் சூடாகி, மரத்த தோலுக்குத் தெரியாமலே கொப்புளம் உண்டாக்கலாம்.

என்னை உறுத்துவது வேறொன்று. பெங்களூர்க் குளிருக்கே விரல் வெளுப்பது ரேனாட் என்னும் ரத்தக் குழாய்ச் சுருக்கமாக இருக்கக்கூடும். கையுறைக்குப் பணம் கட்டுவதற்கு முன்பு ஒரு மருத்துவரிடம் காட்டி, டைவ் செய்யப்போவதையும் சொல்லிவிடுங்கள்.

அல்சூர்க்காரன்

திங்கட்கிழமைக்கு மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டேன். அவர் சம்மதித்தால் 5 மி.மீ. ஐந்து விரல், 7 மி.மீ. மூன்று விரல் இரண்டையும் வெளிநாட்டிலிருந்து வரும் என் மைத்துனரிடம் வாங்கிவரச் சொல்லி, வாளிச் சோதனை செய்து பார்க்கிறேன். எவ்வளவு ஐஸ் வேண்டியிருந்தது?

சங்குகுளி

20 லிட்டர் வாளிக்கு ஆறேழு கிலோ ஆயிற்று. மீன் வாசனை போக வாளியை இரண்டு முறை கழுவ வேண்டியிருந்தது.