புரோட்டான்–ஈயம் மோதல்: முன்திசையில் ஹாட்ரான் விளைச்சல் அளவுக்கு மீறிக் குறைகிறது, எங்கே தவறு?

கேள்வி:
5.02 டிஇவி (லட்சம் கோடி எலக்ட்ரான்-வோல்ட்) மோதலுக்கு, ஓடும் பிணைப்புடன் (உந்த அளவோடு மாறும் விசை வலிமையுடன்) பாலிட்ஸ்கி–கோவ்செகோவ் சமன்பாட்டை (ஆற்றலோடு குளுவான் அடர்த்தி வளர்வதைச் சொல்வது) ஓட்டி ஹாட்ரான் (குவார்க்குகளும் அவற்றைப் பிணைக்கும் குளுவான்களும் சேர்ந்த துகள்) நிறமாலை எடுக்கிறேன். புரோட்டானுக்குத் தொடக்கத் தெவிட்டல் அளவின் (குளுவான் நெரிசல் தொடங்கும் உந்தத்தின்) வர்க்கம் 0.060 ஜிஇவி². ஈயத்துக்கு அதை 208-இன் கனமூலமான 5.9-ஆல் பெருக்கினேன். அணுக்கரு மாற்றக் காரணி (ஈய விளைச்சலை, மோதல் எண்ணிக்கையால் பெருக்கிய புரோட்டான்–புரோட்டான் விளைச்சலால் வகுத்தது) நடு ரேபிடிட்டியில் (கற்றைத் திசையில் துகளின் சாய்வைக் காட்டும் அளவு) குறுக்கு உந்தம் 10 ஜிஇவி வரை போயும் 0.8-ஐத் தாண்டவில்லை. ரேபிடிட்டி 3-இல், 2 ஜிஇவி-யில் 0.3. செர்னின் ஆலிஸ் சோதனை அளவீடோ நடுவில் 2 ஜிஇவி-க்கு மேல் ஏறக்குறைய 1. கூடவே, பெரிய உந்தத்தில் குளுவான் பரவல் குறி மாறி ஆடுகிறது.

பதில் 1:
5.9-தான் வில்லங்கம். மோதல் தூரத்தை (புரோட்டான் ஈயத்தின் மையத்திலிருந்து விலகும் தூரம்) பார்க்காமல் கனமூலத்தைப் போடக்கூடாது. ஒவ்வொரு தூரத்திலும் அணுக்கருத் தடிமனை சிக்மா-பூஜ்யத்தின் பாதியால் (புரோட்டானின் குறுக்குப் பரப்பு: 16.36 மில்லிபார்ன், அதாவது 1.64 ஃபெர்மி²) பெருக்குங்கள்; 5.9-க்குப் பதில் அந்த எண்தான். ஈயத்தின் நட்டநடுவில் தடிமன் சுமார் 2.1 ஃபெர்மி⁻². பெருக்கினால் 3.4, அவ்வளவுதான். எல்லா மோதல்களுக்கும் சராசரித் தடிமன் 0.98, அதற்கு 1.6.

இன்னொரு பிழையும் இருக்கும். புரோட்டான்–புரோட்டான் விளைச்சலை 16.36/70 என்ற விகிதத்தால் பெருக்கினீர்களா? 70 மில்லிபார்ன் என்பது மீட்சியற்ற குறுக்குவெட்டு. இதை விட்டால் பெரிய உந்தத்தில் 5.9/6.9 = 0.86 வரும் (6.9 சராசரி மோதல் எண்ணிக்கை). 1-க்கு அருகே இருப்பதால் சந்தேகமே வராது. ஒரு பிழை மற்றதை மறைக்கிறது. சரியான கணக்கு: 1.6 × 70 / (6.9 × 16.36), கிட்டத்தட்ட 1.

ஈயத்தின் விளிம்பில் தெவிட்டல் அளவு புரோட்டானுடையதைவிடச் சிறுத்துவிடும். அங்கே சமன்பாட்டை ஓட்டினால் பரிணாமம் செயற்கையாக வேகமெடுக்கும். அந்தப் பகுதிக்கு மட்டும் காரணியை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 2:
குறி மாறுவதற்கு இரண்டு காரணம் உண்டு. தொடக்க நிலையில் காமா (வீச்சின் வடிவத்தைத் தீர்மானிக்கும் அடுக்கு) 1-க்கு மேல் (1.135 போல) வைத்திருந்தால், ஃபூரியர் மாற்றமே சில உந்தங்களில் எதிர்மறையாகும், கணினியைக் குறை சொல்ல முடியாது. காமா 1 என்றால் இடைச்செருகலைப் பாருங்கள். டைபோல் வீச்சை (குவார்க்–எதிர்க்குவார்க் இணை சிதறும் அளவு) நேர்கோட்டில் இடைச்செருகினால் அதன் முறிவுகள் பெஸ்ஸல் சார்பின் தொகையில் அலையாக வரும். மடக்கை அளவில் கியூபிக் ஸ்ப்லைன் போட்டு, பெஸ்ஸலின் பூஜ்யங்களுக்கிடையே துண்டு துண்டாகத் தொகையிடுங்கள். குளுவானுக்கு (1 − வீச்சு)² வர வேண்டும், அதையும் சரிபாருங்கள்.

பதில் 3:
ரேபிடிட்டி 3-இல் 2 ஜிஇவி ஹாட்ரான், தாய்ப் பார்ட்டான் (அது பிறந்த குவார்க் அல்லது குளுவான்) 4 ஜிஇவி என்றால், ஈயத்தின் பக்கம் எக்ஸ் (பார்ட்டான் சுமக்கும் உந்தப் பங்கு) 0.00004, புரோட்டான் பக்கம் 0.016. உங்கள் சமன்பாடு 0.01-இல்தான் தொடங்குகிறது. எனவே புரோட்டானுக்கு வழக்கமான பார்ட்டான் பரவலைப் போட்டுக் கலப்பு முறையில் கணக்கிடுங்கள்.

அதற்கு முன் பரிணாமத்தை அணைத்துவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள். சிறு உந்தத்தில் 1-க்குக் கீழே, பிறகு குரோனின் மேடு (1-க்கு மேல் எழும் பகுதி), 20 ஜிஇவி பக்கம் 1. இது வராமல் பரிணாமத்தைத் தொடாதீர்கள்.