முதல் ஈத்து, அடைமழை, கரண்டும் நிச்சயமில்லை: சினை ஆட்டுக்கு என்ன தயார் செய்து வைக்கலாம்?

பெகு மருமகன்:
எல்லோருக்கும் வணக்கம். பர்மாவில் பெகு டவுனிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறோம். மாமனார் கொடுத்த வெள்ளாடு மூன்று, அதில் கறுப்பி இப்போது நிறைசினை, தலையீத்து. ஜனவரி 28 கிடாவோடு சேர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன், காலண்டரிலும் குறித்திருக்கிறேன். வயிற்றைப் பார்த்தால் இரட்டை என்கிறார் மாமனார். போன வருஷம் வேறொரு ஆடு ராத்திரி மழையில் ஈன்று, விடிந்து போய்ப் பார்த்தால் குட்டி விறைத்துக் கிடந்தது. தப்பு என் மேல்தான், நாள் கணக்கே வைக்கவில்லை. ஆடுகள் படுப்பது மூங்கில் தட்டி போட்ட பரண். கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியாது, அதனால் குண்டு பல்பு யோசனை வேண்டாம். மாட்டு டாக்டர் வந்து சேர அரை நாள் ஆகும். என்ன வாங்கி வைக்க வேண்டும், எப்போது கை வைக்கலாம், எப்போது சும்மா இருக்க வேண்டும்? ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

தட்டோன் அக்கா:
தம்பி, வெள்ளாட்டுக்கு 150 நாள், ஐந்து நாள் முன்னே பின்னே. உங்கள் கணக்குக்கு ஜூன் 27 வருகிறது, ஆனால் 22லிருந்தே ராத்திரி டார்ச்சோடு ஒரு நடை போய் வாருங்கள். இன்னொன்று, வாலடியில் இரண்டு பக்கமும் பென்சில் மாதிரி கெட்டியாக ஒரு நரம்பு ஓடும், இன்றைக்கே தொட்டுப் பழகுங்கள். அது கரைந்து போய் விரலுக்குத் தட்டுப்படவில்லை என்றால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் ஈன்றுவிடும்.

அந்த மூங்கில் தட்டிதான் எனக்குப் பயம். பிறந்த குட்டியின் கால் இடுக்கில் போய் ஒடிந்ததை எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். சாக்கு விரித்து மேலே வைக்கோலைக் கனமாகப் போடுங்கள், சாரல் அடிக்கும் பக்கம் தார்ப்பாய் கட்டுங்கள். ஒரு டப்பாவில் டிங்சர் அயோடின், புது பிளேடு, சோப்பு, கையுறை, பழைய கைலி நாலைந்து, மூடி போட்ட தண்ணீர் பாட்டில் இரண்டு. பாட்டில் எதற்கென்றால், வெந்நீர் ஊற்றித் துணி சுற்றிக் குட்டி பக்கத்தில் வைக்க. கரண்ட் தேவையில்லை பாருங்கள்.

கை வைப்பது: தண்ணீர்க்குடம் உடைந்து, ஆடு பலமாக முக்கி முக்கி அரை மணி நேரமாகியும் ஒன்றும் தெரியவில்லை என்றால்தான். இரண்டு முன்னங்குளம்பும் மேலே மூக்கும் தெரிந்தால் சும்மா உட்காருங்கள். பின்னங்கால் இரண்டும் முதலில் வந்தாலும் வரும், ஆனால் பாதி வந்த பிறகு தாமதிக்கக் கூடாது, உள்ளேயே மூச்சு இழுத்துவிடும். இழுக்க வேண்டி வந்தால் ஆடு முக்கும்போது மட்டும், கீழ்நோக்கி.

மெய்க்திலா ஆட்டுக்காரன்:
அக்கா சொன்னதெல்லாம் சரி, தீனியை மட்டும் விட்டுவிட்டார். கடைசி ஒன்றரை மாசத்தில்தான் குட்டி வேகமாக வளரும், இரட்டை என்றால் இரைப்பைக்கு இடமே இருக்காது. தவிடும் கடலைப் பிண்ணாக்கும் ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். தீனி தின்னாமல் தனியாகப் போய் நின்றால், மூச்சில் பழவாடை மாதிரி அடித்தால், உடனே பனைவெல்லம் கரைத்துக் கொடுத்துவிட்டு டாக்டருக்கு ஆள் அனுப்புங்கள். எனக்கு ஒரு நல்ல ஆடு அப்படித்தான் போயிற்று, மழைக்குச் சோம்பி நிற்கிறது என்று நினைத்துவிட்டேன்.

அப்புறம் சீம்பால். வீட்டில் பெரியவர்கள் யாராவது அது கழிச்சல் கொடுக்கும், பீய்ச்சிக் கீழே விடு என்பார்கள். கேட்காதீர்கள். காம்பில் மெழுகு மாதிரி ஓர் அடைப்பு இருக்கும், அது வர ஒரே ஒரு பீய்ச்சு, மிச்சம் முழுக்கக் குட்டிக்கு. ஒரு மணி நேரத்துக்குள் குடிக்க வேண்டும், இரண்டு கிலோ குட்டி என்றால் முதல் நாளில் 200 மில்லியாவது போக வேண்டும். குட்டி வாயில் விரல் விட்டுப் பாருங்கள், ஜில்லென்று இருந்தால் பால் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். முதலில் சூடேற்றுங்கள், பிறகு பால்.

மோல்மீன் சித்தி:
வீட்டில் மாசமாக இருக்கிற பெண் யாராவது இருந்தால் ஆடு ஈனும் பக்கம் விடவே வேண்டாம். நஞ்சுக்கொடியிலும் தண்ணீர்க்குட நீரிலும் நோய்க்கிருமி இருக்கலாம், கரு கலைகிற ஆபத்து. இதை யாருமே சொல்வதில்லை.

பெகு மருமகன்:
சித்தி, நல்ல நேரத்தில் சொன்னீர்கள். என் மனைவிக்கு ஐந்து மாசம், அவள்தான் ஆடு பார்க்கிறாள். இன்றையிலிருந்து நான். நஞ்சுக்கொடி எவ்வளவு நேரத்தில் விழும்?

தட்டோன் அக்கா:
பெரும்பாலும் சில மணி நேரத்தில். 12 மணி நேரம் தாண்டினால் டாக்டர்தான். தொங்குகிறதே என்று இழுக்காதீர்கள், கல்லும் கட்டாதீர்கள். விழுந்ததும் நாய் எடுக்காத ஆழத்தில் புதையுங்கள். குட்டியின் தொப்புள்கொடியை நாலு விரல் விட்டு நறுக்கி, அயோடினில் முக்கி எடுங்கள், தடவினால் போதாது.

பெகு மருமகன்:
24ஆம் தேதி ராத்திரி ஈன்றுவிட்டது. மாலையில் நரம்பு தட்டுப்படவில்லை, அதனால் பரணிலேயே படுத்தேன். இரண்டு குட்டி. முதலாவது தானாக வந்தது, இரண்டாவது பின்னங்கால் முதலில் வந்தது, அக்கா சொன்னபடி இரண்டு முக்கலில் இழுத்துவிட்டேன். மூக்கில் சளி, வைக்கோலால் தேய்த்ததும் தும்மியது. கரண்ட் இல்லை, மழையென்றால் மழை, பாட்டில் வெந்நீரை மூன்று தடவை மாற்றினேன். கொடி விடிவதற்குள் விழுந்துவிட்டது. சின்னது மட்டும் இடது காம்பையே தேடிப் போகிறது, வலது மடி கல் மாதிரி இருக்கிறது. அதைப் பீய்ச்சிப் பாட்டிலில் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், சரிதானே?

மெய்க்திலா ஆட்டுக்காரன்:
சரிதான். ஆனால் மடி சூடாக இருக்கிறதா, பாலில் திரி திரியாக வருகிறதா என்று முதலில் பாருங்கள். அப்படி இருந்தால் அந்தப் பக்கத்துப் பாலைக் கொடுக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.