ஆட்டோமேட்டிக் வண்டியை டைனோவில் ஏற்றியபோது கன்வர்ட்டர் லாக் ஆகியிருந்ததா?

கோவை டீசல்காரன்:

வண்டி இன்னோவா கிரிஸ்டா, 2.8 டீசல், ஆட்டோமேட்டிக். ரீமேப் (இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றித் திறனைக் கூட்டுவது) செய்வதற்கு முன்னும் பின்னும் டைனோவில், அதாவது சக்கரத்தை ரோலரில் சுழலவிட்டுத் திறனை அளக்கும் கருவியில், ஓட்டி இரண்டு தாள்களைக் கொடுத்தார்கள். கம்பெனி சொல்லும் டார்க் (திருப்பு விசை) 360 நியூட்டன் மீட்டர். ஆனால் ரீமேப் செய்யாத முதல் தாளிலேயே, 1,800 ஆர்.பி.எம். அருகில் 410 வரை ஒரு கூம்பு எழுந்து நிற்கிறது. கியர்பாக்ஸும் டிஃபரென்ஷியலும் தின்றது போக மிஞ்சுவது, இன்ஜின் தருவதைவிட எப்படி அதிகமாகும் என்று கேட்டேன். "கம்பெனிக்காரன் எப்போதும் குறைத்துத்தான் போடுவான் சார்" என்றார் ஆப்பரேட்டர்.

டீசலில் ஆர்.பி.எம்மைப் படித்தெடுக்க ஸ்பார்க் பிளக் வயர் கிடையாது என்பதால், நான்காம் கியரில் சீராக ஓடும்போது மீட்டர் காட்டிய 1,800ஐக் கணினியில் பதிந்துவிட்டு, அதன்பின் ரோலர் வேகத்தை வைத்தே ஆர்.பி.எம்மைக் கணக்கிட விட்டிருந்தார். நான் பக்கத்து இருக்கையில் ஸ்கேனருடன் அமர்ந்திருந்தேன். அவர் மிதியை ஓங்கி அழுத்தியதும் கியர் இறங்கவில்லை, லாக் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் டார்க் கன்வர்ட்டரை நழுவாமல் பிடித்துவைக்கும் கிளட்ச்) மட்டும் விட்டது. இன்ஜின் 2,600க்குத் தாவியது. கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் 1,800லேயே நின்றது. டைனோ திரையிலும் 1,800தான். இரண்டு எண்களும் பிரிந்து நின்ற அந்தக் கணம் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

ரீமேப்புக்குப் பிந்தைய ஓட்டத்தில் மிதியை மெல்ல இறக்கினார், லாக் விடவேயில்லை. கூம்பைக் காணவில்லை. உச்சத்தில் 19 குதிரைத்திறன் கூடியிருப்பதைச் சிவப்பு மையால் வட்டமிட்டுக் கொடுத்தார். அதில் ரீமேப்பின் பங்கு எவ்வளவு என்பதில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை.

மெல்பர்ன் வி8:

எங்கள் ஊரில் இது பழைய கதை. 1999 ஹோல்டன் கமடோர், 5.7 லிட்டர் எல்.எஸ்.1, 4எல்60இ கியர்பாக்ஸ், அதில் ஸ்டால் (வண்டி நகராமல் நிற்கும்போது இன்ஜின் எட்டக்கூடிய உச்ச வேகம்) கூடுதலான கன்வர்ட்டர். நண்பருடைய வண்டி. மூன்றாம் கியரில், அதாவது ஒன்றுக்கு ஒன்று விகிதத்தில், லாக் இல்லாமல் ஓட்டத்தைத் தொடங்கிவிட்டு, 4,500ஐத் தாண்டியதும் லாக் விழும்படி மென்பொருளில் அமைத்திருந்தார்கள். லாக் விழுந்ததும் இன்ஜின் வேகம் சட்டென்று முந்நூறுக்கும் மேல் இறங்க, திரையில் வலப்புறம் போய்க்கொண்டிருந்த கோடு இடப்புறம் திரும்பி, ஊசிபோல ஒரு முனையை மேலே எழுப்பிவிட்டு மறுபடியும் வலப்புறம் போனது. அந்த முனை இன்ஜினின் திறனன்று. வேகமாகச் சுழன்ற கிராங்கும் ஃபிளைவீல் தட்டும் கன்வர்ட்டரும் வேகம் குறைந்தபோது, அவற்றில் தேங்கியிருந்த ஆற்றல் ரோலரில் போய் விழுந்தது, அவ்வளவே. நண்பரோ அந்த முனையின் எண்ணைத்தான் இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கோவை நண்பருக்கு ஒன்று சொல்ல வேண்டும். லாக் இல்லாத ஓட்டம் பொய்யான ஓட்டம் என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். சாலையில் மிதியை அழுத்தினால் உங்கள் வண்டி லாக்கை விடுகிறது என்றால், டயருக்கு வந்து சேரும் திறனும் அதுதானே?

ஹியூஸ்டன் டிரக்:

மெல்பர்ன் நண்பரின் கூற்றை முழுதாக ஏற்க முடியாது. இன்ஜின் என்ன தருகிறது என்று ஒருவர் கேட்கும்போது, கன்வர்ட்டர் எண்ணெயில் எவ்வளவு சூடாகக் கரைகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுவது வேறு கேள்விக்கான விடை. ஆனால் லாக் செய்தே தீருவேன் என்பவர்களையும் பார்த்திருக்கிறேன். டாட்ஜ் ராம், 5.9 கம்மின்ஸ், 48ஆர்இ கியர்பாக்ஸ். இன்ஜெக்டர் மாற்றிய வண்டி, கன்வர்ட்டர் மட்டும் கம்பெனி கொடுத்ததே. ஓட்டுநர் டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்து லாக்கைத் தன் கையில் எடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் கியரில், 2,300ஐ ஒட்டி டார்க் உச்சத்துக்கு வந்தபோது, இன்ஜின் வேகம் ஏறுகிறது, ரோலர் வேகம் ஏறவில்லை. லாக்-அப் கிளட்ச் வழுக்குகிறது என்று கணினியில் இருந்தவர் கத்துவதற்குள் கருகிய ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) நெடி கொட்டகை முழுவதும் பரவிவிட்டது. அந்தக் கிளட்ச் சீராக ஓடும்போது நழுவலைத் தடுத்து எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக வைத்தது. ஏற்றிவிட்ட டீசலின் முழு டார்க்கையும் தாங்குவதற்கென்று மூன்று தட்டு கன்வர்ட்டர்கள் தனியாக விற்கின்றன.

பழைய மெக்கானிக்:

என்னுடைய அனுபவம் சிறியது: ஓட்டத்தின் நடுவே கிக்டவுன் (மிதியை முழுதாக அழுத்தும்போது கியர் தானாக இறங்குவது) விழுந்து ஒரு தாள் வீணானது. ஆனால் மேலே எழுதியவர்கள் விட்டுவிட்ட சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். ரோலர் டைனோவில் திறன் என்பது ரோலரிலேயே கிடைக்கும் அளவு, ஆர்.பி.எம். தவறாக இருந்தாலும் அது மாறாது. டார்க் அப்படியன்று, அது திறனை ஆர்.பி.எம்மால் வகுத்துப் பெறுவது, ஆகவே ஆர்.பி.எம்மைக் குறைத்துச் சொன்னால் டார்க் வீங்கும். கோவைத் தம்பியின் கூம்பு அப்படி முளைத்ததுதான். ஸ்கேனரில் பதிவு இருந்தால், தாளில் உள்ள டார்க்கை டைனோ நம்பிய ஆர்.பி.எம்மால் பெருக்கி, உண்மையான ஆர்.பி.எம்மால் வகுத்துப் பாருங்கள். உச்ச வேகத்தில் ஸ்டேட்டர் (கன்வர்ட்டருக்குள் எண்ணெயின் ஓட்டத்தைத் திருப்பிவிடும் சக்கரம்) தன் ஒருவழி கிளட்சில் சுழலத் தொடங்கியபின் கன்வர்ட்டர் டார்க்கைப் பெருக்குவதில்லை. அங்கே நழுவல் எத்தனை விழுக்காடோ திறன் இழப்பும் அத்தனை விழுக்காடுதான். இன்ஜின் 5,200, இன்புட் ஷாஃப்ட் 4,880 என்றால் ஆறு விழுக்காடு எண்ணெயைச் சூடாக்கப் போய்விட்டது என்று பொருள். அதனால்தான் லாக் இல்லாமல் அடுத்தடுத்து ஓட்டுபவர்களிடம் ஏ.டி.எஃப். வெப்பத்தைப் பார்த்துக்கொள்ளும்படி தொண்டை வறளச் சொல்லுகிறேன். இழுத்துக் கட்டும் பெல்ட்டின் இறுக்கம், டயர் காற்று, இரண்டும் இரு ஓட்டங்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும். டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைக்காமல் விட்டால், முன் சக்கரம் நிற்கப் பின் சக்கரம் சுழல்வதைக் கண்டு கணினி தானாகவே திறனைக் குறைத்துவிடும். மிதியின் அடியில் கிக்டவுன் தட்டுப்படும் இடத்துக்குச் சற்று முன்னாலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கூலிங் ஃபேன்...

மெல்பர்ன் வி8:

ஐயா, ஃபேனைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை.

கோவை டீசல்காரன்:

ஐயா சொன்னபடி பதிவை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். 410ஐ 1,800ஆல் பெருக்கி 2,600ஆல் வகுத்தால் 284. கூம்பு கரைந்துவிட்டது. உச்சத் திறன் வரும் 3,400ல் இன்புட் ஷாஃப்ட் 3,230. நழுவல் ஐந்து விழுக்காடு. ரீமேப்புக்கு முன் சக்கரத்தில் கிடைத்தது ஏறத்தாழ 140 குதிரைத்திறன் என்பதால், லாக் விழுந்ததாலேயே ஏழு கூடியிருக்க வேண்டும். ஆக, ரீமேப்பின் கணக்கில் நிற்பது பன்னிரண்டு. மெல்பர்ன் நண்பர் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் நான் பணம் கொடுத்தது ரீமேப்புக்கு, கன்வர்ட்டர் லாக் ஆனதற்கு அன்று. இரண்டு பதிவுகளையும் கடைக்காரருக்கு அனுப்பியிருக்கிறேன். பழைய மேப்பை மீண்டும் ஏற்றி, லாக் விடாமல் ஓட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். டைனோ கட்டணம் மட்டும் என்னுடையதாம்.