பழைய மதர்போர்டு புதிய கேபினட்டில் இயங்க மறுக்கிறது

கேள்வி:
2011இல் வாங்கிய கணினியின் கேபினட் துருப்பிடித்துவிட்டதால், அதன் மைக்ரோ ஏடிஎக்ஸ் (சிறிய அளவு) மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க், டிவிடி டிரைவ் ஆகியவற்றைப் புதிய ஏடிஎக்ஸ் (பெரிய போர்டுக்கான அளவு) கேபினட்டுக்கு மாற்றினேன். பவர் பொத்தானை அழுத்தினால் விசிறி அரை நொடி சுழன்று நின்றுவிடுகிறது. முன்பக்க யூஎஸ்பி கேபிளின் தடித்த நீல முனையைச் செருகவும் போர்டில் இடமில்லை. டிவிடி டிரைவுக்கான 5.25 அங்குல அறையும் இல்லை. என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, போர்டைக் கழற்றி, அடியிலுள்ள பித்தளைத் தாங்கிகளைப் பாருங்கள். ஏடிஎக்ஸ் போர்டின் அளவு 305 × 244 மி.மீ.; உங்களுடையது அதிகபட்சம் 244 × 244 மி.மீ. எனவே, பெரிய போர்டுக்கென முன்பே முடுக்கப்பட்டிருந்த தாங்கி ஒன்று, துளையில்லாத இடத்தில் சாலிடர் முனைகளைத் தொட்டு ஷார்ட் ஆக்கிக்கொண்டிருக்கலாம். எனக்கும் இப்படி நேர்ந்தது. எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) பழுதென்று நினைத்து வீணாகப் புதிதாக ஒன்று வாங்கினேன்.

மறுமொழி 2:
பிராசசருக்கு அருகிலுள்ள 4 பின் 12 வோல்ட் இணைப்பையும் சரிபாருங்கள். நீல முனை யூஎஸ்பி 3.0 வகை; அதில் 19 பின்கள் உண்டு. அதைப் பழைய 9 பின் யூஎஸ்பி 2.0 இணைப்புக்கு மாற்றும் சிறு கேபிள் கிடைக்கிறது. வேகம் மட்டும் நொடிக்கு 480 மெகாபிட்டைத் தாண்டாது. டிவிடி டிரைவுக்கு, யூஎஸ்பி வழியாக வெளியே இணைக்கும் உறை வாங்குவதே எளிது. கேபினட்டை வெட்டத் துணியாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
நடுவரிசையில் ஒரு தாங்கி துளையே இல்லாத இடத்தில் நின்றிருந்தது. அதைக் கழற்றியதும் கணினி இயங்கிவிட்டது. நன்றி.