84 கிலோ உடம்பு, இடுப்பளவு அலை: முதல் லாங்போர்டாக எதை வாங்குவது?

உப்புக்காற்று எழுதியது:

வணக்கம். வயது 38, எடை 84 கிலோ, வீடு திருவான்மியூர். போன வருடம் ஈ.சி.ஆர். கோவளத்தில் பன்னிரண்டு சர்ஃபிங் (அலைச்சறுக்கு) வகுப்புகள் போனேன். அங்கே கொடுத்த நீல நிற ஃபோம் போர்டில் கடைசி நாலைந்து நாட்கள் யாரும் தள்ளிவிடாமல் நானாகவே அலை பிடித்து, எழுந்து நின்று கரை வரை வந்தேன். அந்தத் தெம்பில் ஒருவரிடம் பழைய போர்டு ஒன்றை வாங்கினேன். 6 அடி 10 அங்குலம். சீட்டை மடக்கினால் காருக்குள் நுழைந்துவிடும் என்பதுதான் வாங்கியதற்கு முக்கியக் காரணம், ஒளிப்பானேன்.

மூன்று மாதம், வாரம் ஒரு காலை. மொத்தம் ஏழு அலை பிடித்திருப்பேன். முழங்காலிலிருந்து இடுப்பு வரை வரும் சின்ன அலைகள்தான். தோள் வலிதான் மிச்சம். பக்கத்தில் பத்து வயதுப் பையன் வகுப்புப் போர்டில் ஏறி ஏறிப் போகிறான்.

இதைத் தள்ளிவிட்டு நீளமாக ஒன்று, லாங்போர்டு மாதிரி, வாங்கலாம் என்று இருக்கிறேன். கண்ணில் பட்டவை மூன்று:

அ) 8 அடி சாஃப்ட்டாப் (மேல்தோல் மெத்தென்று இருப்பது), புதியது. கன அளவு 78 லிட்டர்.
ஆ) 9 அடி பி.யூ. (பாலியூரித்தேன் நுரை) போர்டு, பழையது. அகலம் 22½ அங்குலம், தடிமன் 2¾ அங்குலம், 65 லிட்டர். மெலிசாக, அழகாக இருக்கிறது. வாலுக்கு அடியில் நடுவில் ஒரு ஃபின் (மீன் துடுப்பு மாதிரி), பக்கத்துக்கு ஒன்றாகச் சின்ன ஃபின் இரண்டு.
இ) 9 அடி 4 அங்குலம், எப்பாக்ஸி, பழையது. அகலம் 23, தடிமன் 3¼, 80 லிட்டர். ஒற்றை ஃபின். வாலில் ஒட்டுப்போட்ட தடம் இருக்கிறது.

மனசு ஆ-வில்தான் நிற்கிறது. வாங்கலாமா?

மணல்திட்டு:

பதிலுக்கு முன் இரண்டு கேள்வி. இப்போது இருக்கும் போர்டின் அடியில், நடுக்கோட்டை ஒட்டி ஏதாவது எண் எழுதியிருக்கிறதா? அப்புறம், அலை தவறும்போது எப்படித் தவறுகிறது? போர்டின் மூக்கு, அதாவது முன்முனை, தண்ணீரில் குத்திக் குப்புற விழுகிறீர்களா, அல்லது அலை உங்களுக்கு அடியில் நழுவிப் போய்விடுகிறதா? இரண்டுக்கும் மருந்து வேறு.

உப்புக்காற்று:

6 அடி 10, 21, 2⅝ என்று பென்சிலில் எழுதி, பக்கத்தில் 42 என்று இருக்கிறது. பத்தில் ஒன்பது தடவை அலை அடியில் நழுவிப் போகிறது. படுத்துக் கையால் துழாவி பேடில் செய்யும்போது நெஞ்சுக்குக் கீழே போர்டு கண்ணுக்கே தெரிவதில்லை, தண்ணீருக்குள் இருக்கிறது.

மணல்திட்டு:

நோய் அதுதான். அந்த 42 என்பது லிட்டர். உங்கள் எடையில் சரிபாதி.

ஒரு லிட்டர் கடல்நீரின் எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். 42 லிட்டர் போர்டு முழுக்க மூழ்கினாலும் சுமார் 43 கிலோவைத்தான் தாங்கும், அதிலும் போர்டின் சொந்த எடையைக் கழிக்க வேண்டும். மீதியை உங்கள் உடம்பே தண்ணீருக்குள் இறங்கித் தாங்கிக்கொள்கிறது. அதாவது நீங்கள் போர்டின் மேல் மிதக்கவில்லை, போர்டோடு சேர்ந்து பாதி மூழ்கிப் போகிறீர்கள். நன்றாகப் பழகியவர் இதைச் சமாளித்துவிடுவார், அவருக்கு அலையின் செங்குத்தான இடத்தில் போய் நிற்கத் தெரியும். இடுப்பளவு அலையில் செங்குத்தான இடமே அதிகம் கிடையாது. சாய்வு குறைவு, தள்ளும் பலமும் குறைவு. அலை உடைவதற்கு முன்பே நீங்கள் வேகம் எடுத்திருக்க வேண்டும்.

கற்றுக்கொள்பவர்களுக்கு என் கணக்கு இது: கிலோவில் உங்கள் எடை எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு லிட்டர். பத்துக் கூடினாலும் தப்பில்லை.

ஆனால் லிட்டரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஆ-வின் விவரத்தைப் பார்த்தால் அது வேகமாக வெட்டித் திருப்புவதற்கான லாங்போர்டு மாதிரித் தெரிகிறது. 9 அடி இருப்பதால் மட்டும் எல்லா லாங்போர்டும் ஒன்றாகிவிடாது. சமதரையில் வைத்து, பக்கவாட்டில் உட்கார்ந்து பாருங்கள். மூக்கு எவ்வளவு தூரத்திலிருந்து எழ ஆரம்பிக்கிறது? அந்த வளைவைத்தான் ராக்கர் என்கிறோம். பாதியிலிருந்தே வாழைப்பழம் மாதிரி வளைந்தால், பெரிய அலையில் மூக்குக் குத்தாமல் காப்பாற்றும். சின்ன அலையிலோ அதே வளைவு தண்ணீரை முன்னால் தள்ளிக்கொண்டே போகும், பிரேக் பிடித்தபடி வண்டி ஓட்டுவது போல. உங்களுக்கு வேண்டியது பலகை மாதிரித் தட்டையானது. ஓரங்கள், அதாவது ரெயில், உருண்டையாக மெத்தென்று இருக்கட்டும்.

கட்டுமரத்தான்:

அண்ணா, நான் கடற்கரைக் குப்பத்துக்காரன். எங்கள் தாத்தா கட்டுமரத்தில் நின்றபடியே அலையில் கரைக்கு வருவார். அதுவும் நீளம்தான், தட்டைதான். அலை இன்னும் தூரத்தில் இருக்கும்போதே மரம் நகர ஆரம்பித்துவிடும். அதனால் இ-க்குத்தான் என் ஓட்டு.

ஆனால் அந்த வால் ஒட்டு என்ன ஒட்டு என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். எப்பாக்ஸி போர்டு என்றால் உள்ளே பெரும்பாலும் ஈ.பி.எஸ். நுரை, நம் தெர்மாகோல் குடும்பம். ஃபைபர் படகுக்கு ஒட்டுப்போடும் சாதாரண பாலியஸ்டர் ரெசின் அந்த நுரையில் பட்டால் கரைத்துத் தின்றுவிடும். எங்கள் ஊரில் படகு ஒட்டுகிறவரிடமே போர்டையும் கொடுத்து ஒருவர் வாங்கினார். வெளியே பளபளவென்று இருந்தது, உள்ளே குழி. ஒட்டைச் சுற்றிக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் வேண்டாம். தட்டினால் எல்லா இடமும் ஒரே சத்தம் வர வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் பொத்தென்று கேட்டால் மேல்தோல் நுரையை விட்டுப் பிரிந்திருக்கிறது. அப்புறம் வெயிலில் கொஞ்ச நேரம் வாலைக் கீழே வைத்து நிறுத்துங்கள். தண்ணீர் கசிந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

ஃபின்னைச் செருகும் பெட்டியைச் சுற்றிக் கீறல் இருக்கிறதா என்பதையும் பார்க்கணும். அதை மறுபடி பதிப்பது பெரிய வேலை.

சின்னஅலை:

எல்லோரும் இ என்கிறீர்கள், நான் அ என்கிறேன். 78 லிட்டர் இருக்கிறது, 8 அடிதான் நீளம், தலையில் இடித்தாலும் உயிர் போகாது. காலையில் கோவளத்தில் எத்தனை பேர் தண்ணீரில் இருக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? 9 அடி கண்ணாடியிழைப் போர்டை விட்டுவிட்டு நீங்கள் முங்கினால், பின்னால் இருப்பவர் கதி என்ன?

மணல்திட்டு:

நியாயமான கேள்வி. போர்டு 9 அடி, காலோடு அதைக் கட்டும் கயிறான லீஷ் 9 அடி. கைவிட்டால் உங்களிடமிருந்து 18 அடி தூரம் வரை அது போய் அடிக்கும். அதனால் லாங்போர்டு வாங்குபவர் முதலில் கற்க வேண்டியது போர்டைக் கைவிடாமல் இருப்பதுதான். உடைந்த நுரை எதிரே வந்தால் இரண்டு ரெயிலையும் பிடித்து, போர்டோடு தலைகீழாகப் புரண்டு, அலை மேலே கடந்ததும் மறுபடி நிமிர வேண்டும். ஆமை போல.

தினமும் கூட்டத்துக்குள்தான் இறங்கப் போகிறீர்கள் என்றால் சாஃப்ட்டாப் புத்திசாலித்தனம். எனக்கு அதில் உள்ள குறை வேறு. மலிவான சாஃப்ட்டாப் நடுவில் லேசாக வளையும், அப்படி வளையும்போது சறுக்கு செத்துவிடும். சென்னை மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டால் மேல்தோல் கொப்பளிக்கும். (கண்ணாடியிழைப் போர்டும் அந்தக் காருக்குள் பிழைக்காது, அது வேறு விஷயம்.)

பொத்துவில்வாசி:

அண்ணை, வாங்க முதல் ஒருக்கா ஓடிப் பாருங்கோ. நான் இலங்கையில் அறுகம்குடாப் பக்கம். இங்கே ஏப்ரலில் இருந்து ஒக்டோபர் வரைக்கும் பருவம், கடைகளில் எல்லா அளவிலும் போர்ட் வாடகைக்குக் கிடைக்கும். பேபி பொயின்ட் மாதிரி மெதுவான இடத்தில் காலமை 8 அடி, பின்னேரம் 9 அடி என்று மாற்றி எடுத்துப் பார்த்தால் எந்தப் பேச்சும் தேவையில்லை, உடம்பே சொல்லும். நவம்பரில் இருந்து ஏப்ரல் வரைக்கும் என்றால் தெற்கே வெலிகம, மணல் கடல், பழகுகிற ஆக்களுக்கு நல்லது. இவ்வளவு தூரம் வரக் கஷ்டம் என்றால் உங்கட கோவளத்திலேயே ஒரு நாளைக்கு வாடகைக்குக் கேளுங்கோ.

இன்னொன்று. நீங்கள் போர்டில் படுக்கிற இடமும் பிழையாக இருக்கலாம். மூக்குக் குத்தும் என்ற பயத்தில் எல்லாரும் பின்னுக்குப் படுப்பினம். மூக்கு ஒரு சாண் மேலே தூக்கி நின்றால் பிழை. தண்ணிக்கு மேலே இரண்டு மூன்று விரல் அளவு இருந்தால் காணும். சரியான இடம் கிடைத்ததும் நாடி (மோவாய்) வருகிற இடத்தில் வாக்ஸால், வழுக்காமல் இருக்கப் போர்டில் பூசுகிற மெழுகால், ஒரு கோடு கீறி விடுங்கோ. பிறகு ஒவ்வொரு முறையும் நாடியை அந்தக் கோட்டில் வைத்தால் சரி.

உப்புக்காற்று:

சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். ஆ-வையும் இ-யையும் பக்கத்தில் பக்கத்தில் தரையில் வைத்தேன். வித்தியாசம் சிரிப்பாக இருந்தது. ஆ-வின் மூக்கு சர்க்கஸ் கோமாளியின் செருப்பு. இ-யோ, துணி தேய்க்கலாம் போல. ஒட்டை அழுத்தினேன், தட்டினேன், நிறுத்தி வைத்தேன். கசியவில்லை. எப்பாக்ஸி ரெசினில்தான் ஒட்டினாராம்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கோவளத்தில் 9 அடி ஃபோம் போர்டை வாடகைக்கு எடுத்தேன். முழங்கால் அலைதான். பொத்துவில் நண்பர் சொன்ன மாதிரி ஒரு சாண் முன்னால் தள்ளிப் படுத்தேன். முதல் இரண்டு தடவை மூக்குக் குத்தியது. பிறகு ஒரு மணி நேரத்தில் ஆறு அலை! மூன்று மாதக் கணக்கை ஒரே காலையில் கிட்டத்தட்ட முடித்துவிட்டேன்.

இ-தான் என்று முடிவுக்கு வந்துவிட்டேன். பிரச்சினை என்னவென்றால் வீடு மூன்றாவது மாடி. லிஃப்டில் நுழையாது. மாடிப்படி வளைவில் திரும்புமா?

கட்டுமரத்தான்:

9 அடி 4 என்றால் 284 செ.மீ. அதே நீளத்தில் ஒரு சவுக்குக் கம்பு வாங்கி மாடிக்கு எடுத்துப் போய்ப் பாருங்கள். போர்டுக்கு அகலம் வேறு இருக்கிறது, அதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பு திணறினால் போர்டு போகாது.

உப்புக்காற்று:

கம்பு இரண்டாவது மாடியில் மின்சார மீட்டர் பெட்டியை இடித்தது. வாட்ச்மேன் என்னை இன்னும் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்.

மணல்திட்டு:

அப்படியானால் கரையிலேயே விட்டுவிடுங்கள். மாத வாடகைக்கு நிழலில் வைத்துக்கொள்ளும் இடங்கள் கேட்டால் கிடைக்கும். ஈ.சி.ஆரில் 9 அடிப் போர்டைக் கூரையில் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஓட்டும் தலைவலியும் மிச்சம். ஒரு விதத்தில் இதுவே நல்லது. சின்னப் போர்டு வாங்கியதே கார் அளவைப் பார்த்துத்தானே?

வாங்கியதும் செய்ய வேண்டியவை: லீஷ் 9 அடி, புதிதாக வாங்குங்கள், பழையதை நம்ப வேண்டாம். வாக்ஸ் வெப்பமண்டல நீருக்கானது என்று போட்டிருக்க வேண்டும், குளிர்நீர் வாக்ஸ் நம் கடலில் கூழாகிவிடும். ஃபின்னை முதலில் பெட்டியின் நடுவில் வையுங்கள். பின்னால் தள்ளினால் நேராகப் போகும், முன்னால் இழுத்தால் திரும்புவது எளிது. எங்காவது அடிபட்டு வெள்ளை நுரை தெரிந்தால் அந்த நிமிடமே தண்ணீரை விட்டு வெளியே வாருங்கள். “இன்னும் ஒரே ஒரு அலை” என்று நினைக்கும்போதுதான் ஈ.பி.எஸ். நுரை தண்ணீரைக் குடிக்கும்.

காலையில் கரைக்காற்று இருக்கும் நேரம் போங்கள். மதியம் கடல்காற்று ஏறிவிட்டால் லாங்போர்டு காற்றில் கதவு மாதிரி ஆடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையில், கடலைக் கரையில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இந்த வருடம் மட்டுமாவது.

உப்புக்காற்று:

வாங்கிவிட்டேன். நேற்று முதல் நாள், நாலு அலை. ஐந்தாவதுக்குப் போகும்போது ஃபின் ஆடியது, கரைக்கு வந்து பார்த்தால் திருகைக் காணோம். சாதாரண ஹார்டுவேர் கடைத் திருகு போடலாமா?

கட்டுமரத்தான்:

துருப்பிடிக்காத ஸ்டீல் என்றால் போடலாம். இரும்புத் திருகு உப்புத்தண்ணீரில் பிடித்துக்கொண்டு, பிறகு கழற்றவே வராது. பெட்டிக்குள் சின்னத் தகடு ஒன்று இருக்கும், அது விழாமல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதைக் கடைக்கு எடுத்துப் போய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள், நாலாக வாங்குங்கள். ஒன்றைப் பைக்குள்ளேயே போட்டு வையுங்கள் அண்ணா, மணலில் விழுந்த திருகை இதுவரை யாரும் கண்டெடுத்ததில்லை.