திடீர்ச் சாவு: பிணவறை மேசையில் தெரிந்ததும் தெரியாமல் போனதும்

தொடங்கியவர், தடயவியல் மருத்துவர்

பதினெட்டு வருடமாகப் பிரேதப் பரிசோதனை செய்கிறேன். ஊர், பேர் எதுவும் சொல்ல மாட்டேன். வயது, தொழிலையும் கொஞ்சம் மாற்றிவிடுகிறேன். இந்த இழையில் தங்கள் அனுபவத்தை எழுதுகிறவர்களும் அப்படியே செய்யுங்கள்.

லாரி ஓட்டுநர் ஒருவர், வயது 41. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தவர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. முதல் நாள் இரவுதான் பங்காளிகளோடு நிலத் தகராறு நடந்திருக்கிறது. கேட்க வேண்டுமா? “டீயில எதையோ கலந்துட்டாங்க” என்று சொந்தக்காரர்கள் மார்ச்சுவரி வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். டீக்கடைக்காரர் காவல் நிலைய பெஞ்சில்.

இதயத்தை எடுத்துத் தராசில் வைத்தேன். 460 கிராம். வளர்ந்த ஆணுக்குச் சுமார் 300 இருந்தால் போதும். ரத்த அழுத்தத்தோடு பல வருடம் மல்லுக்கட்டிய இதயம் இப்படித்தான் தடித்துப்போகும். அவருக்கு பி.பி. இருந்ததே வீட்டில் யாருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது. அப்புறம் இதயத் தமனிகளை மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டாக, பீன்ஸ் நறுக்குவது போல நறுக்கிக்கொண்டே போக வேண்டும். சில இடங்களில் கத்திக்கு அடியில் முட்டை ஓடு உடைவது போல நறநறக்கும். அது சுண்ணாம்புப் படிவு. இடது பக்கம் முன்புறமாக இறங்கும் தமனியில், ஆரம்பத்திலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளி, குண்டூசித் தலை நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை மிச்சம். அந்த ஓட்டையையும் புதிதாக உறைந்த ரத்தக்கட்டி ஒன்று அடைத்திருந்தது.

இந்த இடத்தில் மாணவர்கள் தவறாமல் கேட்பது: “சார், செத்துப்போன தசை எங்கே?” அப்படி எதுவும் தெரியாது. அடைப்பால் தசை செத்துப்போனது வெறும் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் அடைப்பு வந்த பிறகு ஆள் 12 மணி நேரமாவது உயிரோடு இருந்திருக்க வேண்டும். நுண்ணோக்கியில் பார்ப்பதற்கே நாலு மணி நேரமாவது தேவை. பத்து நிமிடத்தில் போனவரின் தசை நல்ல தசை போலத்தான் இருக்கும். அவரைக் கொன்றது தசை செத்துப்போனது அல்ல, இதயத்தைத் துடிக்க வைக்கும் மின்னோட்டம் தாறுமாறானது. இதயம் துடிப்பதை விட்டுவிட்டு நடுங்க ஆரம்பித்துவிடும். அந்த நடுக்கம் எந்தத் தடயத்தையும் விட்டுவைக்காது.

விசரா, அதாவது நஞ்சு தேட ஆய்வகத்துக்கு அனுப்பிய உள்ளுறுப்புத் துண்டுகள், அதன் அறிக்கை வர நாலு மாதம் ஆனது. நஞ்சு எதுவும் இல்லை. அதற்குள் டீக்கடைக்காரர் கடையைக் காலி செய்துவிட்டு மாமனார் ஊருக்குப் போய்விட்டார்.

41 வயதிலா என்று ஆச்சரியப்படுகிறவர்களுக்கு ஒன்று. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கப் படைவீரர்களின் இதயங்களை அறுத்துப் பார்த்து 1953இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். சராசரி வயது 22. நூற்றுக்கு 77 பேருக்கு இதயத் தமனியில் ஏதோ ஓர் அளவில் படிவு இருந்தது. போருக்குப் போகத் தகுதியானவர்கள் என்று தேர்வு செய்யப்பட்ட பிள்ளைகள் அவர்கள்.

டெல்டாக்காரன்

எங்கள் அப்பா மோட்டார் கொட்டகையில் இறந்து கிடந்தார். காலையில்தான் பார்த்தோம். மல்லாந்து கிடந்தவரைத் தூக்கியபோது முதுகு முழுக்கக் கத்தரிப்பூ நிறம். சித்தப்பா அந்த இடத்திலேயே கத்திவிட்டார், “கட்டையால அடிச்சிருக்கானுவ” என்று. முறைத்தண்ணி விஷயமாகப் பக்கத்து வயல்காரரோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அன்றைக்கு ஊரில் ஒரு கொலை நடந்திருக்க வேண்டியது. மயிரிழையில் தப்பியது.

பரிசோதனை முடிந்ததும் டாக்டர் சித்தப்பாவை மட்டும் கூப்பிட்டுப் பேசினார். இதயம் நின்றதும் ரத்தம் தண்ணீர் மாதிரி பள்ளத்துக்கு இறங்கும், மல்லாந்து கிடந்தால் முதுகில் தேங்கும், தரையில் அழுந்திய தோள்பட்டையிலும் பிட்டத்திலும் மட்டும் வெள்ளையாக இருக்கும் என்றார். அப்பாவுக்கு அப்படியேதான் இருந்தது. அடிபட்ட கன்றலாக இருந்தால் வெட்டிப் பார்த்துத் தண்ணீர் விட்டாலும் ரத்தம் போகாதாம், சதைக்குள் ஊறியிருக்குமாம். இது துடைத்தால் போய்விட்டது என்றார்.

சாவுக்குக் காரணம் தலைக்குள் இருந்தது. மூளைக்கு அடியில் ரத்தக்குழாய்கள் வளையம் போல இருக்குமாம். அதில் ஓர் இடம் கொப்புளம் போல உப்பி வெடித்திருக்கிறது. இரண்டு நாள் முன்னால் அப்பா “தலையில இடி விழுந்த மாதிரி இருக்கு” என்று சொன்னார். அம்மா தைலம் தேய்த்துவிட்டார். அதைத்தான் இன்னும் சொல்லிச் சொல்லி அழுகிறார்.

தொடங்கியவர்

@டெல்டாக்காரன், அம்மாவிடம் சொல்லுங்கள். அந்தத் தலைவலியைப் பார்த்து மருத்துவர்களே ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை கொடுத்து அனுப்பியதுண்டு. ஆனால் மற்றவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: வாழ்க்கையில் இதுவரை வராத அளவுக்கு, நொடியில் உச்சத்துக்குப் போகும் தலைவலி வந்தால் உடனே ஸ்கேன் இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள்.

ஓய்வுபெற்ற ஏட்டு

டாக்டர்கள் உள்ளே. நாங்கள் வாசலில். 174 கேஸ் (சந்தேக மரணத்தை விசாரிக்கும் சட்டப்பிரிவு) என்றால் பஞ்சாயத்தார் ஐந்து பேரைப் பிடித்துக் கையெழுத்து வாங்குவதிலிருந்து, உடலை ஒப்படைத்து ரசீது வாங்குவது வரை எங்கள் தலையில்தான். (இப்போது புதிய சட்டத்தில் அது 194 ஆகிவிட்டது. எனக்கு வாயில் வராது.) மாலை ஆகிவிட்டால் மறுநாள்தான் அறுப்பார்கள். வெளிச்சம் வேண்டும் என்பார்கள். சனங்கள் ராத்திரி பூராவும் மரத்தடியில் படுத்துக் கிடப்பார்கள். 2021 நவம்பரில்தான் வசதி உள்ள மருத்துவமனைகளில் இரவிலும் செய்யலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் சொன்னது. அதிலும் கொலை, சந்தேக மரணம் போன்றவற்றை விலக்கி வைத்தார்கள்.

விசரா கொண்டுபோவது தனிக் கதை. சீல் வைத்த பெட்டிக்குள் பாட்டில்கள். பாட்டிலுக்குள் வயிறு, குடல் துண்டு, கல்லீரல், சிறுநீரகம். எனக்குக் கிடைத்த வாகனம் அரசு பஸ். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆறு மணி நேரம். பக்கத்தில் இருந்த பெரியம்மா, “என்ன தம்பி, பழனி பஞ்சாமிர்தமா?” என்றார். நான் பாவி, தலையாட்டிவிட்டேன். “ஒரு சொட்டு நாக்குல வைப்பா” என்றார் பாருங்கள்!

டாக்டரிடம் ஒரு சந்தேகம். எல்லாவற்றையும் உப்புத் தண்ணீரில் போடுகிறீர்களே, பார்மலின் எதற்கு இருக்கிறது?

தொடங்கியவர்

பெரியம்மாவை எப்படிச் சமாளித்தீர்கள் என்பதைக் கடைசி வரை சொல்லவில்லையே!

நுண்ணோக்கியில் பார்க்கும் துண்டுக்குப் பார்மலின். நஞ்சு தேட அனுப்பும் துண்டைப் பார்மலினில் போட்டால் திசு இறுகிவிடும், நஞ்சைப் பிரித்தெடுப்பது சிரமம். அதனால் இதற்கு மேல் கரையாது என்னும் அளவுக்குச் சாதாரண உப்பைப் போட்ட கரைசல். அழுகாமல் காக்கும், ஆய்வுக்கும் குறுக்கே வராது. கருவாட்டுக்கு உப்பு எதற்கோ, இதற்கும் அதற்குத்தான். இரண்டு பாட்டிலையும் மாற்றிப் போட்டு ஒரு வழக்கே படுத்துப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

யாழிலிருந்து

எங்கட பெரியப்பாவுக்கு 68 வயது. பேரனின் பிறந்தநாள் விருந்தில் ஆட்டிறைச்சிக் கறியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், ஒரு சத்தமும் இல்லாமல் எழும்பி, நெஞ்சடியில் கையை வைத்தபடி முற்றத்தில் விழுந்தார். எல்லாரும் மாரடைப்பு என்றுதான் நினைத்தோம். பெரியம்மா பிரேதத்தை வெட்ட வேண்டாம் என்று அழுதா. திடீர் மரண விசாரணை அதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை. சட்ட வைத்திய அதிகாரி பார்த்துவிட்டுச் சொன்னது: குரல்வளை வாசலில் பெருவிரல் அளவு இறைச்சித் துண்டு, சப்பாமல் விழுங்கினது. பெரியப்பாவுக்குக் கட்டுப்பல். கொஞ்சம் சாராயமும் எடுத்திருந்தவர்.

மூச்சுக்குழாய் முழுதாக அடைபட்டால் இருமவும் ஏலாது, கத்தவும் ஏலாது. அதனால்தான் பார்க்கிறவர்களுக்கு மாரடைப்பு போலத் தெரியுமாம். 1963இலேயே அமெரிக்காவில் ஒரு வைத்தியர் உணவகங்களில் நடந்த இந்த மாதிரிச் சாவுகளை எழுதி, அதற்கு ‘கஃபே கொரோனரி’ என்று பெயரும் வைத்துவிட்டார் என்று பிறகு வாசித்தன். பின்னாலிருந்து கட்டிப்பிடித்து வயிற்றை மேல்நோக்கி அமுக்கித் தள்ளும் முறை 1974இல் வந்தது. அண்டைக்கு அந்த முற்றத்தில் நாப்பது பேர் நின்றம். ஒருத்தருக்கும் அது தெரியாது. ஓடிப்போய்த் தண்ணி கொண்டுவந்து முகத்தில் அடிச்சம்.

ஒரு செவிலியர்

சின்னதாக ஒன்று. காலில் மாவுக்கட்டுப் போட்டு இரண்டு வாரம் படுத்திருந்த அம்மா ஒருவர், அன்றைக்கு வீட்டுக்குப் போக வேண்டியவர். பாத்ரூம் போக எழுந்து நாலு எட்டு வைத்ததும் “மூச்சு...” என்றார், அவ்வளவுதான். கெண்டைக்காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரல் தமனிக்குப் போய் அடைத்திருக்கிறது. அதற்குப் பிறகு யார் படுத்திருந்தாலும் கால் விரலை ஆட்டு, பாதத்தை மடக்கு என்று நச்சரிப்பேன். வார்டில் எனக்குப் பட்டப்பெயர்கூட உண்டு, இங்கே சொல்ல மாட்டேன்.

அக்கா

ரெண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

என் தம்பிக்கு 27. குடி, சிகரெட் எதுவும் கிடையாது. லேசான காய்ச்சல் என்று சீக்கிரம் படுத்தான். விடியற்காலை மூன்று மணிக்கு மேல் அவன் அறையிலிருந்து குறட்டை மாதிரி ஒரு சத்தம் கேட்டதாக அம்மா சொன்னார். ஆறு மணிக்கு எழுப்பப் போனபோது உடம்பு ஜில்லென்று இருந்தது. தாடை இறுகிப்போய் வாயைத் திறக்க முடியவில்லை.

போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டை நான் மனப்பாடமாகச் சொல்வேன். இதயம் 310 கிராம். தமனிகளில் அடைப்பு இல்லை. மூளை, நுரையீரல், கல்லீரல் எல்லாம் இயல்பு. நுண்ணோக்கிப் பரிசோதனை இயல்பு. நஞ்சு இல்லை. கடைசி வரியில் காரணம் கண்டறிய முடியவில்லை. எல்லாம் நல்லாத்தான் இருந்தது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியானால் ஏன் செத்தான்? டாக்டர் சரியாகப் பார்க்கவில்லை என்று அப்பா இன்றைக்கும் திட்டுகிறார். பாட்டி, அமுக்குவான் பேய் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துவிட்டது என்கிறார். ஒரு கட்டத்தில் பாட்டி சொல்வதே பரவாயில்லை என்று தோன்றிவிட்டது. அதிலாவது ஒரு காரணம் இருக்கிறது.

சிங்கப்பூரில் இருந்தவன்

அக்கா, 80களில் சிங்கப்பூரில் கட்டுமான வேலையில் இருந்தேன். கூட வேலை பார்த்த தாய்லாந்துப் பையன்கள் இப்படித்தான் தூக்கத்திலேயே போனார்கள். எல்லாம் இளவட்டம், கல் மாதிரி உடம்பு. விதவைப் பேய் வந்து கூட்டிக்கொண்டு போகிறது என்று சொல்லி, சிலர் நகத்துக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு பொம்பளை மாதிரி படுப்பார்கள். நாங்கள் சிரிப்போம். அமுக்குவானுக்குப் பயந்து தலைமாட்டில் இரும்பு வைத்துக்கொண்டு படுத்த நாங்கள்!

தொடங்கியவர்

@அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அந்த மருத்துவர் ஒழுங்காகத்தான் பார்த்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

நாங்கள் வெட்டிப் பார்ப்பது உறுப்பின் வடிவத்தை. 2003இல் லியோன் நகரில் பந்தாட்டத்தின் நடுவே விழுந்து இறந்த கேமரூன் வீரர் மார்க் விவியன் ஃபோவை நினைவிருக்கலாம். அவருக்கு இதயத் தசை பிறவிக் கோளாறால் தடித்திருந்தது, பிரேதப் பரிசோதனையில் அது தெரிந்தது. அது கையில் பிடிபடுகிற நோய். ஆனால் இதயத்தின் ஒவ்வொரு செல்லிலும் சோடியமும் பொட்டாசியமும் போய்வர நுண்ணிய வாசல்கள் இருக்கின்றன. அந்த வாசலில் பிறவியிலேயே கோளாறு இருந்தால், உயிரோடு இருக்கும்போது ஈ.சி.ஜி.யில் தெரியலாம். துடிப்பு நின்ற பிறகு வாசலும் இயங்காது, மின்னோட்டமும் இருக்காது. என் கத்திக்கு அகப்பட என்ன இருக்கிறது? வீடு எரியாமல், கம்பி அறுகாமல் கரண்ட் மட்டும் போன மாதிரி.

சிங்கப்பூர் நண்பர் சொன்னதும் இதோடு சேர்ந்ததுதான். தாய்லாந்தில் ‘லாய் தாய்’, பிலிப்பைன்ஸில் ‘பங்குங்கோட்’, ஜப்பானில் ‘பொக்குரி’ என்று ஒவ்வொரு ஊரும் ஒரு பெயர் வைத்திருந்தது. 1992இல் ப்ருகாடா என்னும் ஸ்பெயின் நாட்டுச் சகோதரர்கள் ஈ.சி.ஜி.யில் ஒரு தனி வடிவத்தைக் காட்டினார்கள். அந்தத் தூக்கச் சாவுகளில் பலவற்றுக்கும் அந்த வடிவம் காட்டும் கோளாறே காரணம் என்பது பிறகு தெரியவந்தது. காய்ச்சல் அதைத் தூண்டிவிடும். விடியற்காலை அடைத்த மூச்சோடு வரும் குறட்டைச் சத்தமும் அதில் சொல்லப்படுகிற ஒன்று. உங்கள் தம்பிக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை, யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இவை பெரும்பாலும் குடும்பத்தில் வருபவை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு. அதனால் உங்களுக்கு, அப்பா அம்மாவுக்கு, வேறு உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் ஈ.சி.ஜி., எக்கோ இரண்டும் எடுங்கள். அந்த ரிப்போர்ட்டின் கடைசி வரியை இதய மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெயர் வேண்டாம்

எல்லாம் கொரோனா தடுப்பூசியால்தான். யாரும் வாயைத் திறக்க மாட்டீர்கள்.

தொடங்கியவர்

திறக்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 18 முதல் 45 வயதுக்குள் திடீரென இறந்தவர்களை 47 மருத்துவமனைகள் வழியாக ஆராய்ந்து 2023இல் வெளியிட்டது. தடுப்பூசி அந்த ஆபத்தைக் கூட்டவில்லை. கூட்டியவை: குடும்பத்தில் ஏற்கெனவே திடீர்ச் சாவு, கொரோனாவுக்காக மருத்துவமனையில் படுத்தது, சாவுக்கு முந்தைய 48 மணி நேரத்தில் மிதமிஞ்சிய குடி, கடும் உடற்பயிற்சி. இங்கே ஓர் அக்கா தம்பியைப் பறிகொடுத்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார். தர்க்கத்துக்குத் தனி இழை தொடங்குங்கள், அங்கே வருகிறேன்.

அக்கா

நேற்று மூன்று பேரும் போனோம். அப்பா வர மாட்டேன் என்று அடம்பிடித்து, கடைசியில் பைக்கில் பின்னாலேயே வந்தார். எனக்கும் அம்மாவுக்கும் ஈ.சி.ஜி. இயல்பு. அப்பாவுடையதைப் பார்த்த டாக்டர் மறுபடி ஒருமுறை எடுத்தார். பிறகு மார்பில் பட்டைகளை ஒரு விலா இடைவெளி மேலே நகர்த்தி மூன்றாவது முறை. அப்புறம் அப்பாவிடம், “உங்க வீட்டுல வேற யாராவது தூக்கத்துல போயிருக்காங்களா?” என்று கேட்டார்.

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “எங்க சின்ன அண்ணன். முப்பத்தோரு வயசு. பேய் அடிச்சதுன்னு சொன்னாங்க” என்றார்.

அடுத்த வாரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பெரியப்பாவின் பிள்ளைகள் இரண்டு பேர் திருப்பூரில் இருக்கிறார்கள். இன்றைக்குக் காலையில் அப்பாவே அவர்களுக்குப் போன் போட்டார்.