சொந்த வீடு இருக்கிறது, முதலீட்டுக்கு இன்னொரு ஃபிளாட் வாங்கலாமா?

தாம்பரம்வாசி:
வயது 41. தாம்பரத்தில் சொந்த வீடு, கடன் முடிந்துவிட்டது. மியூச்சுவல் ஃபண்டில் 22 லட்சம், பிஎஃபில் 15 லட்சம், கையில் 30 லட்சம். மாமனார் "மண்ணில் போட்ட காசு எங்கேயும் போகாது" என்று மேடவாக்கத்தில் 60 லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட்டைக் காட்டுகிறார். பாதிக்கு லோன் போடணும். வாடகை 15,000 வருமாம். ஓய்வு வரை தொடப்போவதில்லை. வாங்கலாமா?

கணக்கன்:
வருட வாடகை 1.8 லட்சம், அதாவது 3%. அதிலும் ஒரு மாதம் காலியாகக் கிடக்கும், சொத்து வரி, ஆள் மாறும்போது பெயின்ட். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9%. 60 லட்சத்துக்கே பத்திரம் போட்டால் 5.4 லட்சம், மூன்று வருட வாடகை முதல் நாளே சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் போய்விடும். லோன் வட்டி வேறு. யூடிஎஸ், அதாவது மொத்த நிலத்தில் அந்த ஃபிளாட்டுக்கு வரும் பங்கு, எவ்வளவு என்று கேட்டீர்களா?

கூடுவாஞ்சேரி:
எக்செல்லில் பார்த்தால் எல்லாம் அப்படித்தான் தெரியும். 2020 மார்ச்சில் பங்குச் சந்தைக் குறியீடு நிஃப்டி 7,600க்கு வந்தபோது பயந்துபோய் ஃபண்டையெல்லாம் விற்றவன் நான். மனையை விற்கத் தோன்றவே இல்லை, ஏனென்றால் அதன் விலையை யாரும் தினமும் போனில் காட்டுவதில்லை. 3 லட்சத்துக்கு வாங்கினது 20 வருடத்தில் 30 லட்சம்.

கணக்கன்:
பத்து மடங்கு, சரி, ஆனால் 20 வருடத்துக்குப் பிரித்தால் வருடம் 12% சொச்சம்தான். கெட்டது இல்லை, ஆனால் அது மனை. ஃபிளாட்டில் கட்டடம் பழசாகிக்கொண்டே போகும்.

வடபழனி:
ரீட் பற்றி யாருமே சொல்லவில்லையே? வாடகை வரும் ஆபீஸ், மால்களைப் பலர் பணத்தில் வைத்திருக்கும் டிரஸ்ட், அதன் யூனிட்டைப் பங்குச் சந்தையில் வாங்கலாம். 2019இல் எம்பசி ரீட்தான் இங்கே முதலில் லிஸ்ட் ஆனது. எங்கள் ஏரியா விஜயா மால்கூட நெக்சஸ் ரீட்டில் இருக்கிறது. ஒரு யூனிட்கூட வாங்கலாம், பகிரக்கூடிய பணத்தில் 90% நமக்குத் தந்தாக வேண்டும். பெரிய விஷயம், அவசரத்துக்குப் பாதியை விற்கலாம். ஃபிளாட்டில் ஒரு பெட்ரூமை மட்டும் விற்க முடியாதே. ஆனால் இதுவும் மார்க்கெட்டோடு ஏறி இறங்கும், கூடுவாஞ்சேரிக்காரருக்குச் சரிப்படாது :)

தாம்பரம்வாசி:
கேட்டேன், யூடிஎஸ் 380 சதுர அடி, 2006இல் கட்டியது. தாய்ப் பத்திரம் கேட்டால் புரோக்கர் "அடுத்த வாரம்" என்கிறார். இப்போதைக்கு ரீட்டில் 5 லட்சம், மீதி எஸ்டிபி வழியாக, அதாவது கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, ஃபண்டில். மாமனாரிடம் மனைவி பேசிக்கொள்வாளாம்.